ஆர்ச்சிலிருந்து 180 காலடி: அச்சிறுபாக்கத்தில் அப்பா வாங்கிய மனை

"புரோக்கர் போனை எடுக்கலைன்னா போகட்டும். மனை எங்கேயும் ஓடிப் போயிடாதே! நாமளே போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றார் அம்மா.

இரண்டு மாதமாக நான் அந்த மனிதரை அழைத்துக்கொண்டிருந்தேன். முழு ரிங் போகும், எடுக்க மாட்டார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது. அச்சிறுபாக்கம் பக்கத்தில் இருக்கும் அரை கிரவுண்டு மனையை விற்றுத் தருவதாகச் சொல்லி, அம்மாவின் ஒரிஜினல் பத்திரத்தை வாங்கிப் போயிருந்தார். மனையை அளந்து பட்டா மாற்ற என்று 10,000 ரூபாயும் வாங்கியிருந்தார். ரசீது கிடையாது.

திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவரிடமிருந்தே மெசேஜ் வந்தது. 'பார்ட்டி ரெடி. 2,40,000. அன்அப்ரூவ்டு மனை, இதுக்கு மேல போகாது. புதன்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, பவர் போட்டுடலாம்.' உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

எனக்கு அந்தத் தொகையைப் பார்த்ததும் நிம்மதிதான் வந்தது. அம்மாவின் மூட்டு ஆபரேஷனுக்குத் தனியார் மருத்துவமனையில் சொன்ன செலவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்கப்பா வாங்கினது. விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கணும்" என்றார்.

300 ரூபாய் தவணை

திங்கட்கிழமை காலை தாம்பரத்தில் விழுப்புரம் பாசஞ்சரில் ஏறினோம். அம்மாவுக்கு ஜன்னல் ஓர சீட்டு கிடைத்தது. கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில் என்று தாண்டத் தாண்ட அம்மா பேச ஆரம்பித்தார்.

அப்பா ஐ.சி.எஃப்-பில் ஃபிட்டர். தொண்ணூறுகளில் ஜி.எஸ்.டி. ரோட்டின் இருபுறமும் மனை வியாபாரம் தவணை முறையில் நடந்த காலம். மாதம் 300 ரூபாய், 60 மாதம். ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து இலவசமாக அழைத்துப் போவார்கள். எலுமிச்சை சாதப் பொட்டலம் உண்டு. பணத்தைக் கட்டி முடித்து, 1997-ல் அம்மா பெயரில் பத்திரம் பதிவானது. எங்கள் வீட்டில் யாராவது கோபித்துக்கொண்டால் அப்பா சொல்வார்: "எனக்கென்ன, அச்சிறுபாக்கத்துல இடம் இருக்கு. நான் போய்ப் படுத்துக்குவேன்!" கடைசி வரை அங்கே ஒரு செங்கல்கூட வைக்கவில்லை.

செங்கல்பட்டுக்கு முன்னால் கொளவாய் ஏரி வந்தது. வண்டியே தண்ணீர் மேல் போவது போல் இருக்கும். அடுத்து பாலாற்றுப் பாலம், கீழே நிறைய மணல், கொஞ்சம் தண்ணீர். மதுராந்தகத்தில் வண்டி நின்றபோது அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெள்ளைக்காரக் கலெக்டர் லயோனல் பிளேஸ் காலத்தில், அடைமழை இரவில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு நின்று ஏரிக்கரையைக் காத்தார்கள் என்று சொல்லப்படும் ஊர். அதனால்தான் அவர் ஏரி காத்த ராமர். மேல்மருவத்தூரில் சிவப்புப் புடவைக் கூட்டம் மொத்தமாக இறங்கியது. பெட்டி காலியானது. அடுத்தது நாங்கள்.

அச்சு முறிந்த ஊர்

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்தோம். "முதல்ல கோயில்" என்றார் அம்மா.

ஆட்சீஸ்வரர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். திரிபுரத்தை எரிக்கச் சிவன் தேரேறிப் புறப்பட்டபோது, பிள்ளையாரை வணங்காமல் கிளம்பியதால் தேரின் அச்சு முறிந்ததாம். அச்சு இற்ற இடம்தான் அச்சிறுபாக்கம். காலை நேரத்தில் கூட்டமில்லை. கல் தரை குளிர்ச்சியாக இருந்தது. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"சாமி தேராவே இருந்தாலும் முதல்ல செய்ய வேண்டியதைச் செய்யலைன்னா அச்சு முறியுது. நாம பத்திரத்தைத் தூக்கிக் கொடுக்கறதுக்கு முன்னாடி இங்கே வந்திருக்கணும்" என்றார். பத்திரத்தைக் கொடுத்தது நான்தான். பேசாமல் இருந்தேன்.

மனை இருக்கும் இடம் ஊரிலிருந்து உள்ளே சில கிலோமீட்டர். ரோட்டோரம் வேர்க்கடலைக் கொல்லை, நடுநடுவே கலர் கொடி கட்டிய புது லேஅவுட்டுகள். எங்களுடையது பழசு. முகப்பில் சிமென்ட் ஆர்ச் பாதி உடைந்து நின்றது. பெயர் எழுத்தெல்லாம் உதிர்ந்துவிட்டது. உள்ளே தெருவும் இல்லை, மனைக்கல்லும் இல்லை. பார்த்த இடமெல்லாம் சீமைக்கருவேல்.

"எப்படிம்மா கண்டுபிடிக்கறது?"

"உங்கப்பா எண்ணச் சொல்லிக் குடுத்திருக்கார். ஆர்ச்சிலேருந்து நேரா 180 காலடி, அப்புறம் இடது பக்கம் 40."

அம்மா எண்ண ஆரம்பித்தார். ஒரு கை என் தோளில், இன்னொரு கையில் குடை. நூறு வந்ததும் நின்று மூச்சு வாங்கினார். 180 முடிந்தபோது நாங்கள் முள்ளுக்கு நடுவில் இருந்தோம். "அப்போ எட்டி நடப்பேன். இப்போ கால் சுருங்கிப் போச்சு" என்று சிரித்துவிட்டு மேலும் நடந்தார். 260-ல் இடது பக்கம் ஒரு மண் பாதை பிரிந்தது.

திரும்பியதும் இருவரும் நின்றுவிட்டோம்.

சுற்றிலும் முள்காடு. நடுவில் ஒரே ஒரு மனை மட்டும் ஜே.சி.பி. வைத்துச் சுத்தம் செய்யப்பட்டு, நான்கு மூலையிலும் வெள்ளையடித்த புதுக் கல்லோடு இருந்தது. முன்னால் ஒரு தகரப் பலகை: 'மனை விற்பனைக்கு.' கீழே இருந்த நம்பர் எனக்கு மனப்பாடம். இரண்டு மாதமாக நான் அழைத்துக்கொண்டிருந்த நம்பர்.

இரண்டாவது ரிங்கில்

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் வந்தார். "வாங்கப் போறீங்களா? நேத்துகூட கார்ல நாலு பேர் வந்து பார்த்துட்டுப் போனாங்க" என்றார்.

நான் போனை எடுத்தேன். அம்மா தடுத்தார். "உன் நம்பர்னா எடுக்க மாட்டான்." அந்த அக்காவின் போனைக் கேட்டு வாங்கினார். ஸ்பீக்கரில் போட்டோம்.

இரண்டாவது ரிங்கில் எடுத்துவிட்டார். "வணக்கம், சொல்லுங்க!"

"அச்சிறுபாக்கம் மனை போர்டு பார்த்தேன். என்ன விலைப்பா?"

"ஸ்கொயர் ஃபீட் 450 ரூபாம்மா. கிளியர் டாகுமென்ட், ஒரிஜினல் என்கிட்டதான் இருக்கு. ஓனர் வயசானவங்க, பணத் தேவை. நான் சொன்னா கேட்டுக்குவாங்க. புதன்கிழமை பவர் என் பேருக்கு வந்துடும், வியாழக்கிழமையே ரிஜிஸ்டர் பண்ணிடலாம்."

1,200 சதுர அடி. 5,40,000 ரூபாய். நமக்குச் சொன்னது 2,40,000.

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "அந்த வயசானவ நான்தான் தம்பி. மனையிலதான் நிக்கறேன். புதன்கிழமை நான் வரலை. நீ பத்திரத்தை எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வா."

மறுமுனையில் சத்தமில்லை. லைன் கட் ஆனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாளே 'அம்மா ஆபரேஷனுக்கு ரெண்டு நாப்பது வேணும் சார்' என்று அவரிடம் சொன்னது நான். மனையின் விலையை அவர் சொல்லவே இல்லை. என் தேவையைத்தான் விலையாகத் திருப்பிச் சொன்னார். நான் அதைக் கேட்டு நிம்மதியும் அடைந்தேன்.

வி.ஏ.ஓ. சொன்னது

அங்கிருந்து நேராகக் கிராம நிர்வாக அலுவலகம் போனோம். பத்திர ஜெராக்ஸில் இருந்த சர்வே நம்பரைப் பார்த்தார். பட்டா இன்னும் பழைய நில உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. உட்பிரிவு கேட்டு எங்கள் பெயரில் எந்த மனுவும் வரவில்லை. நாங்கள் கொடுத்த 10,000 ரூபாயில் நடந்த வேலை, அந்த நான்கு கல்லும் போர்டும்தான் போலிருக்கிறது!

"அன்அப்ரூவ்டுன்னா விக்கவே முடியாதாமே சார்?" என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினார். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது உண்மை. ஆனால், 20.10.2016-க்கு முன்பே மனையாகப் பதிவான இடத்தை மறுபடி விற்றுப் பதிய முடியும். வீடு கட்ட அனுமதி வேண்டுமென்றால்தான் 2017-ல் வந்த விதிகளின்படி வரன்முறைப்படுத்த வேண்டும். எங்கள் பத்திரம் 1997. பாதி உண்மையைச் சொல்லித்தான் விலையைப் பாதியாக்கியிருக்கிறார்.

ஊர் திரும்பியதும், ஏழு நாளில் பத்திரத்தைத் தராவிட்டால் போலீஸில் புகார் கொடுப்போம் என்று ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினோம். நான்காம் நாள் ஒரு பையன் பைக்கில் வந்து பத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். 10,000 ரூபாய் திரும்பி வரவில்லை. ரசீது இல்லாததால் அதோடு விட்டுவிட்டோம்.

மனை இன்னும் விற்கவில்லை. பட்டாவுக்கு நாங்களே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்திருக்கிறோம். ஆபரேஷனுக்கு அரசு மருத்துவமனையில் பதிந்திருக்கிறோம். எல்லா புரோக்கரும் இப்படியில்லை. எங்கள் தெருவில் முப்பது வருடமாக வீடு பார்த்துக் கொடுக்கும் பெரியவரும் இருக்கிறார். பட்டா வந்ததும் அவரிடம்தான் சொல்லப்போகிறோம். இந்த முறை எங்கள் தேவை எவ்வளவு என்று சொல்லப் போவதில்லை.

"முட்டி சரியானதும் ஒரு தடவை போகணும். 180-ல வருதான்னு பார்க்கணும்" என்கிறார் அம்மா.

மனை விற்கப் போகிறீர்களா?

* ஒரிஜினல் பத்திரத்தைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும். அதன் குறுக்கே 'விலை பார்க்க மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள்.

* பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றையும் வழிகாட்டி மதிப்பையும், வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டா விவரத்தையும் நீங்களே பார்க்கலாம். சந்தை விலையை அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள்.

* பவர் வாங்கியவர் நீங்கள் இல்லாமலேயே விற்க முடியும். நேரில் போய்க் கையெழுத்திட முடிகிறவர்கள் புரோக்கருக்குப் பவர் கொடுக்கத் தேவையே இல்லை.

* கமிஷன் எவ்வளவு, யார் தருவது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுத்தால் வங்கிவழி கொடுங்கள்.

* புது லேஅவுட்டில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவும், அதை விற்றுத் தரும் ஏஜென்ட்டும் ரெரா சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். ஏமாற்றினால் ரெரா ஆணையத்தில் புகார் செய்யலாம். எங்களுடையதைப் போன்ற பழைய தனி மனை மறுவிற்பனை பொதுவாக அதில் வராது. அதனால்தான் எழுத்தும் ரசீதும் முக்கியம்.