பாரிஸிலிருந்து இரு பயணங்கள்

பாரிஸ் மாநகர் காணச் செல்வோருட் பலர் அதனை மட்டுமே கண்டு மீள்வர். காலையிற் புறப்பட்டு மாலையில் திரும்பத்தக்க தொலைவில் உள்ள ஊர்களும் காணற்குரியனவே. அவற்றுள் இரண்டை யாமும் எம் நண்பர் ஒருவரும் அடுத்தடுத்த நாட்களிற் கண்டோம்.

முதல் நாள் வெர்சேல்ஸ் சென்றோம். பாரிஸுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ரயிலில் ஒரு மணி நேரமும் ஆவதில்லை. 14ஆம் லூயி மன்னன் 1682இல் தன் அரசவையை இங்கு மாற்றினான். அவன் அமைத்த கண்ணாடி மண்டபம் 73 மீட்டர் நீளமுடையது. 357 கண்ணாடிகள் அதன் சுவரை அணிசெய்கின்றன. திரும்பிய பக்கமெல்லாம் எம் முகங்களையே கண்டோம். அழகிற் குறைவில்லை, ஆயினும் எம் நினைவை ஈர்த்தது பிறிதொன்று. 1789 அக்டோபர் 5ஆம் நாள், ரொட்டியின்றி வாடிய பாரிஸ் நகரப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர், மழையில் நனைந்தவாறு அத்தொலைவு முழுவதையும் நடந்தே கடந்து அரண்மனை வாயிலை அடைந்தனர். மறுநாள் 16ஆம் லூயி குடும்பத்துடன் பாரிஸுக்கு அழைத்துச் செல்லப்பட்டான். அதன்பின் அவன் இவ்வரண்மனையில் வாழவேயில்லை.

இரண்டாம் நாள் ஷார்த்ர் என்னும் ஊருக்குச் சென்றோம். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாகும். கோதுமை வயல்களுக்கு அப்பால், ஒன்றற்கொன்று ஒவ்வாத இரு கோபுரங்கள் ஊருக்கு முன்னரே தோன்றும். 1194இல் தீக்கிரையான இப்பேராலயம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது. அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களிற் பெரும்பாலானவை அக்காலத்தனவே. 1939இல் போர் மூண்டபோது அவற்றைக் கழற்றிக் காத்து, போருக்குப்பின் மீண்டும் பொருத்தினர். சாளரங்களின் அடிப்பகுதிகளில் செருப்புத் தைப்போர், தச்சர் முதலியோர் தத்தம் தொழில் செய்கின்றனர். கீழ்த்திசை உயர்சாளரத்தில் இருவர் கூடை நிறைய ரொட்டி சுமந்து செல்கின்றனர்.

அதனை நோக்கி நெடுநேரம் நின்ற நண்பர், "நேற்று அப்பெண்கள் தேடிச் சென்றது இக்கூடையையன்றோ!" என்றார். யாம் மறுமொழி கூறவில்லை. அரசன் வீட்டுக் கண்ணாடி எதிர்நின்றாரை மட்டுமே காட்டிற்று; இவ்வூர்க் கண்ணாடியோ உழைப்பாரை ஒளியில் நிறுத்தி எண்ணூறு ஆண்டுகளாகக் காட்டி வருகின்றது.

பாரிஸ் செல்லும் வாய்ப்புப் பெறும் மாணவ நண்பர்கள் இரண்டையும் காண்பாராக. திங்கட்கிழமைகளில் அரண்மனை மூடப்பெறும். முதலில் வெர்சேல்ஸ், பின்னர் ஷார்த்ர் என்னும் முறையே நன்று. முன்னதைக் கண்டார்க்கே அக்கூடையின் அருமை நன்கு விளங்கும்.