ஒத்த அறைப் பள்ளிக்கூடம்

எங்க ஊருக்குப் புதுசா வர்றவங்க, மாரியம்மன் கோயில் வேப்பமரத்தைத் தாண்டினதும் ஒரு ஓட்டுக் கட்டடத்தைப் பார்த்துட்டு, "இது என்னங்க, பழைய சொசைட்டி குடோனா?"ன்னு கேக்கறது வழக்கம். குடோன் இல்லைங்க, பள்ளிக்கூடம். நீளம் 30 அடி, அகலம் 16 அடி. ஒரே அறை, முன்னால ஒரு திண்ணை. ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் இந்த ஒரு அறைக்குள்ளதான் 30 வருசத்துக்கு மேல நடந்தது. நானும் அங்க படிச்சவன்தான்.

அதுக்கு முந்தி ஊர்ல பள்ளிக்கூடமே இல்லைன்னு சொல்ல முடியாது. எங்க அப்பாரு திண்ணைப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு. மணலைப் பரப்பி விரலால எழுதிப் பழகினவரு. மாகாணி, அரைக்கால், முக்கால்னு கணக்கு அவருக்குத் தலைகீழாத் தெரியும். கிலோவும் லிட்டரும் வந்து பல வருசம் ஆன பிறகும் வெல்ல மண்டியில வியாபாரி கணக்குப் போட்டு முடிக்கறதுக்குள்ள இவரு வாயாலயே தொகையைச் சொல்லிருவாரு. வாத்தியாருக்குச் சம்பளம் கம்பும் ராகியுமாத்தான்.

மதராஸ் கவர்னரா இருந்த தாமஸ் மன்றோ 1822-ல மாகாணம் முழுக்க இந்த மாதிரிப் பள்ளிகளை எண்ணச் சொன்னாரு. 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள்னு கணக்கு வந்துச்சு. அந்தக் காலத்துக்கு இது பெரிய எண்ணிக்கைதான். இதை வெச்சு "பார்த்தியா, அப்பவே நாம எப்படி இருந்தோம்"னு பேசறவங்க உண்டு. ஆனா அதே கணக்குல பெண் பிள்ளைகள் வெறும் 4,540 பேர்தான். அதைச் சேர்த்துச் சொல்றவங்க கம்மி. எங்க ஊர்த் திண்ணையிலயும் பொண்ணுங்க உக்காரலை. காலனிப் பிள்ளைக அந்த வாசல் பக்கமே வர முடியாது. அப்பாருவே இதைச் சொல்லியிருக்காரு, பெருமையா இல்லை, நடந்தது இதுன்னு.

அதனாலதான் எனக்கு இந்த ஓட்டுக் கட்டடம் பெருசு. 1954-ல காமராசர் முதலமைச்சர் ஆனதும், முந்தின வருசம் ராஜாஜி கொண்டு வந்த அரை நேரப் பள்ளித் திட்டத்தை நிறுத்தினாரு. மைல் தூரத்துக்குள்ள ஒரு தொடக்கப் பள்ளி இருக்கணும்னு ஊர் ஊரா ஓராசிரியர் பள்ளிகள் திறந்தாங்க. வாத்தியாரை அரசாங்கம் அனுப்பும், ஆனா உக்கார இடம்? எங்க ஊர்ல அதை ஊரே கட்டுச்சு. கல் ஒருத்தர் தோட்டத்துக் கிணறு வெட்டினப்ப வந்தது, பனைமரம் இன்னொருத்தர் வரப்புல நின்னது, சுண்ணாம்பு அரைக்க மாடு வீட்டுக்கு ஒரு நாள் முறை. காலனிக்காரங்க மண் சுமந்தாங்க. கட்டி முடிச்சதும் அவங்க பிள்ளைகளைத் திண்ணையோட நிறுத்தணும்னு ரெண்டு பேரு பேசியிருக்காங்க. முதல்ல வந்த வாத்தியார், "அப்படின்னா நான் நாளைக்கே மாத்தல் கேட்டுப் போறேன்"னுட்டாராம். பேச்சு அதோட முடிஞ்சுது. ஊர்ல எல்லா வீட்டுப் பிள்ளையும் ஒரே கூரைக்குக் கீழ முதல்முதலா உக்காந்தது அங்கதான்.

ஒரு வாத்தியார் அஞ்சு வகுப்பை எப்படி மேய்ச்சாருன்னு பட்டணத்து நண்பர்கள் கேப்பாங்க. அவரு தனியா மேய்க்கலைங்க. அஞ்சாவது படிக்கறவன் ஒண்ணாவதுக்கு 'அ' போட்டுக் காட்டுவான். நாலாவதுப் பொண்ணு ரெண்டாவதுக்கு வாய்ப்பாடு ஒப்பிப்பா. வாத்தியார் மூணாவதுக்குக் கணக்குப் போட்டுட்டு காதை நாலு பக்கமும் வெச்சிருப்பாரு. எவனாவது தப்பாச் சொன்னா திரும்பாமலே திருத்துவாரு. இந்த வித்தைக்கு வெளிநாட்டுல ஒரு பேரு இருக்கு, 'மதராஸ் முறை'. எழும்பூர்ல அநாதைப் பையன்கள் பள்ளியை நடத்தின ஆண்ட்ரூ பெல்ங்கிற பாதிரியார், நம்ம பிள்ளைக மணல்ல எழுதிப் படிக்கறதைப் பார்த்து, பெரிய பையன்களை வெச்சே சின்னவங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாரு. 1797-ல லண்டன்ல அதைப் பத்தி அச்சடிச்சாரு. அப்புறம் இங்கிலாந்துல எத்தனையோ பள்ளிகள் அப்படித்தான் நடந்துச்சு.

கரும்பலகைன்னு தனியா இல்லை, சுவர்லயே கருப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்துத் தேய்ப்போம். அந்தப் பச்சை வாசனை திங்கக்கிழமை வரைக்கும் கையில இருக்கும். நான் ரெண்டாவது படிக்கறப்ப, 1982-ல, சத்துணவு வந்துச்சு. அதுவரைக்கும் மத்தியானம் வீட்டுக்குப் போன பாதிப் பேரு திரும்ப வரமாட்டாங்க, ஆடு மேய்க்கப் போயிருவாங்க. சோறு அங்கயே கிடைச்ச பிறகு கடைசி மணி வரைக்கும் அறை நெறஞ்சு இருந்துச்சு. மதியம் எல்லாம் சேர்ந்து வாய்ப்பாடு சொன்னா எங்க தோட்டத்துக் கிணத்து மேட்டுக்குக் கேக்கும். அம்மா அதை வெச்சுத்தான் மணி பார்ப்பாங்க.

1987-ல வந்த கரும்பலகைத் திட்டம் ஒரு பள்ளிக்கு ரெண்டு அறை, ரெண்டு ஆசிரியர் வேணும்னுச்சு. நல்ல விசயம். பக்கத்துல தார்சுக் கட்டடம் எழும்புச்சு, பழைய அறை மெதுவா சாமான் போடற இடமாயிருச்சு. 2004-ல கும்பகோணம் தீயில 94 பிள்ளைக போனப்புறம் பள்ளிக் கூரையைப் பத்தி எல்லாருக்கும் பயம் வந்துச்சு. 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிஞ்சு மூணு பசங்க இறந்தாங்க. அப்புறம் மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களை இடிக்கச் சொன்னாங்க. எங்களதும் அந்தப் பட்டியல்ல ஏறுச்சு.

அந்த உத்தரவு தப்புன்னு நான் சொல்லமாட்டேன். பழசுங்கிற பாசத்துக்காக ஒரு குழந்தை தலையில ஓடு விழக்கூடாது. ஆனா இங்க எந்தக் குழந்தையும் உக்காரலையே! கிராமசபையில பேசினோம். பொறியாளர் வந்து தட்டிப் பார்த்தாரு. "சுவர் உங்களையும் என்னையும் விட நல்லா இருக்கு, கூரைதான் போச்சு. சரி பண்ணி முடிக்கற வரைக்கும் பூட்டி வையுங்க"ன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு.

வேலை ஆரம்பிச்சதும் முதல் சண்டை சிமெண்டுக்குத்தான். காரை உதிர்ந்த இடத்துல சிமெண்ட் பூசினா ஒரே நாள்ல முடியும்னாங்க இளவட்டம். பக்கத்து ஊர்ப் பெரிய கொத்தனார் ஒத்துக்கலை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளிய விடும். மேல சிமெண்டை அப்பினா ஈரம் உள்ளயே நின்னு, ரெண்டு மழைக்கப்புறம் பத்தை பத்தையா விழும். அவரு சொன்னபடியே சுண்ணாம்பை நீத்து ஊற வெச்சு, மணல் சேர்த்து, கடுக்காய்த் தண்ணியும் பனைவெல்லமும் விட்டுக் குழைச்சோம். கரையான் அரிச்ச பனங்கைகளை எடுத்துட்டு, வைரம் பாஞ்ச மரமாத் தேடிப் போட்டோம். இடிச்ச வீடுகள்ல பழைய ஓடு வாங்கினோம். காசு பெரும்பாலும் திருப்பூர் பனியன் கம்பெனிகள்ல வேலை பார்க்கற பழைய பிள்ளைக அனுப்பினது. பழைய கரும்பலகைச் சுவரை மட்டும் யாரையும் தொட விடலை.

இப்ப அது சாயங்காலப் படிப்பறை. ரெண்டு பீரோ புத்தகம், ஒரு ஃபேன், பாய். பிரச்சினை வேற இடத்துல இருக்குங்க. பக்கத்துல இருக்கற பள்ளியில மொத்தமே 11 பிள்ளைக. தோட்டத்துக்குத் தோட்டம் மஞ்சள் வேன் வந்து நிக்குது, குடியானவன் கடன் வாங்கியாவது அதுல ஏத்தி விடறான். அவனைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. பழைய கட்டடத்துக்குக் கூரை போட்டுட்டோம், பள்ளிக்குப் பிள்ளை வேணும்ல?

காலைச் சிற்றுண்டி வந்த பிறகு ரெண்டு வீட்டுக்காரங்க பேசிட்டு இருக்காங்க, டீச்சரும் வீடு வீடா வர்றாங்க. ஜூன்ல எத்தனை பேர் சேருவாங்கன்னு தெரிஞ்சிரும். அதுக்குள்ள வடக்கு மூலையில ஒரு பனங்கை மாத்த வேண்டியது பாக்கி. மஞ்சள் வெட்டு முடியட்டும்னு கொத்தனார் சொல்லியிருக்காரு.