"நாட் சிங்க்கிங்": ஒரு பிழைச்செய்தியின் பூர்வீகம்

லினக்ஸ் கெர்னல் விழும்போது திரையில் வரும் கடைசிச் செய்தி "கெர்னல் பேனிக் - நாட் சிங்க்கிங்" என்று தொடங்கும். காரணம் அதற்குப் பிறகுதான் வரும்: ரூட் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை, இனிட் செத்துவிட்டது, இப்படி ஏதாவது. சர்வர் வேலையில் இருப்பவர்கள் காரணத்தை மட்டும்தான் படிப்போம். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர்தான் முன்பாதியையும் படித்தார். "சார், எதை சிங்க் பண்ணலைன்னு சொல்லுது?" என்றார். நினைவகத்தில் தேங்கியிருக்கும் தரவை வட்டில் எழுதி முடிப்பதுதான் சிங்க் என்றேன். "அப்போ, சிங்க் பண்ணிட்டுச் சாகுற பேனிக்கும் இருக்கா?"

நியாயமான கேள்வி. இன்றைய நிரலில் அப்படி ஒன்று கிடையாது. பேனிக்.சி கோப்பில் அந்தச் சொற்கள் எந்த நிபந்தனையும் இல்லாமல் எழுதப்பட்டிருக்கின்றன. பேனிக் என்றால் எப்போதும் "நாட் சிங்க்கிங்"தான். எப்போதும் நடக்காத ஒன்றை நடக்கவில்லை என்று ஏன் ஒவ்வொரு முறையும் அறிவிக்க வேண்டும்?

எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையை ஓட்டினேன். இடையில் வந்த சில்லறை மாற்றங்களைத் தாண்டிப் பின்னோக்கிப் போனால், 2005 ஏப்ரல் 16 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் போட்ட முதல் பதிவில் போய் முட்டுகிறது. பதிப்பு 2.6.12-ஆர்சி2. பழைய வரலாறு முழுவதையும் கொண்டுவந்தால் 3.2 ஜிபி ஆகும், இப்போதைக்கு வேண்டாம் என்று அவரே அதில் குறிப்பு எழுதியிருக்கிறார். கெர்னலில் பழைய வரி எதைத் தேடினாலும் இந்தச் சுவரில்தான் முட்ட வேண்டும். அதற்கு அப்பால் போகப் பழைய பதிப்புகளின் தொகுப்புகளை இறக்கிப் பிரித்துப் பார்த்தேன்.

பிரித்ததும் பதில் கிடைத்துவிட்டது. 2.4 பதிப்பில் பேனிக் மூன்று வழியில் பிரிகிறது. இன்டரப்ட்டைக் கையாளும்போது நேர்ந்தால், "இன் இன்டரப்ட் ஹேண்ட்லர் - நாட் சிங்க்கிங்". சும்மா இருக்கும் ஐடில் டாஸ்க்கில் நேர்ந்தால், "இன் ஐடில் டாஸ்க் - நாட் சிங்க்கிங்". வட்டு எழுதி முடியும்வரை தூங்கிக் காத்திருக்க இந்த இரண்டு இடங்களிலும் அனுமதி இல்லை. மற்ற எல்லா இடத்திலும் கெர்னல் முதலில் சிங்க்கை அழைத்துவிட்டுத்தான் நிற்கும். ஆக, அந்தச் சொற்கள் ஒரு காலத்தில் தகவலாக இருந்தன: உன் தரவு வட்டுக்குப் போகவில்லை, ஜாக்கிரதை.

இன்னும் பின்னால் போனேன். 1991 டிசம்பரில் வந்த 0.11 பதிப்பிலேயே இதன் மூதாதை இருக்கிறது: "இன் ஸ்வாப்பர் டாஸ்க் - நாட் சிங்க்கிங்". அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான 0.01-இல் அதுவும் இல்லை. செய்தியை அச்சிட்டுவிட்டு முடிவில்லாமல் சுற்றும் ஒரு வளையம், அவ்வளவுதான் மொத்த நிரலும்.

சிங்க் செய்துவிட்டுச் சாகும் வழக்கம் டோர்வால்ட்ஸ் கண்டுபிடித்ததல்ல. 1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் பேனிக், அப்டேட் என்ற செயற்கூற்றை அழைத்து வட்டில் எழுதும், பிறகு செய்தியை அச்சிடும், பிறகு சுழலும். யூனிக்ஸுக்கு முன்னோடியான மல்டிக்ஸ் அமைப்பில் வேலை செய்த டாம் வான் விளெக் ஒரு சம்பவத்தைப் பதிவுசெய்திருக்கிறார். மல்டிக்ஸில் தான் எழுதுவதில் பாதி பிழைகளிலிருந்து மீளும் நிரல்தான் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியிடம் இவர் சொல்லியிருக்கிறார். நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டோம் என்றாராம் ரிட்சி. பேனிக் வந்தால் இயந்திரம் நிற்கும், மறுபடி கிளப்பச் சொல்லி வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டியதுதான்.

எனக்கு இந்தத் தேடலின் முக்கியமான துண்டு இதுதான். குரல் கொடுத்தால் கேட்கும் தூரத்தில் ஆள் இருந்ததால்தான் யூனிக்ஸ் அவ்வளவு சின்னதாக இருக்க முடிந்தது.

சிங்க் ஏன் போயிற்று என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. பல நேரம் தன் நினைவகத்தையே நம்ப முடியாத நிலையில்தான் கெர்னல் பேனிக் ஆகிறது. கெட்டுப்போயிருக்கக்கூடிய அந்த நினைவகத்தை எடுத்து நல்ல வட்டின் மேல் எழுதுவது, காப்பாற்றுவதாக நினைத்துக் கெடுப்பது. போதாக்குறைக்கு, எழுதப் போகும் வழியில் யாரோ பிடித்துவைத்த பூட்டு ஒன்றில் மாட்டி, செத்தும் சாகாமல் தொங்கலாம். 2003 டிசம்பரில் வந்த 2.6.0-க்கும் அந்த 2005 சுவருக்கும் இடையில் சிங்க் அழைப்பு நீக்கப்பட்டது. அதை விளக்க வந்த சொற்கள் மட்டும் தங்கிவிட்டன.

நிற்பதா, சமாளித்துத் தொடர்வதா என்ற கேள்வி கெர்னலின் மற்ற சரிபார்ப்புகளிலும் இருக்கிறது. 'பக் ஆன்' என்ற மேக்ரோ, இந்த நிபந்தனை ஒருநாளும் உண்மையாகக் கூடாது, உண்மையானால் இங்கேயே நிறுத்து என்கிறது. இன்டெல் செயலிகளில் இது செயல்படும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 'யூடி2' என்று இரண்டு பைட் கட்டளை ஒன்று உண்டு. எக்காலத்திலும் செல்லாத கட்டளையாகவே இருக்கும் என்று இன்டெல் உறுதி தந்திருக்கிறது. செயலி அதைத் தொட்டதும் பொறி விழும். பொறியைக் கையாளும் நிரல் தனி அட்டவணையில் அந்த முகவரியைத் தேடி, எந்தக் கோப்பு, எந்த வரி என்று அச்சிடும். 'வார்ன் ஆன்' மேக்ரோவும் இப்போது அதே யூடி2-ஐத்தான் பயன்படுத்துகிறது. அச்சிட்டபின் இரண்டு பைட் தாண்டி ஓட்டத்தைத் தொடர்வது மட்டுமே வித்தியாசம். 2.6-இன் தொடக்கத்தில் இந்த எச்சரிக்கை "பேட்னெஸ் இன்" என்று ஆரம்பித்து, செயற்கூற்றின் பெயரையும் வரி எண்ணையும் சொல்லும். அந்த வெகுளித்தனம் பிறகு "வார்னிங்" ஆகிவிட்டது. வருத்தம்தான்.

2016 அக்டோபரில் 4.8 பதிப்பு வெளிவந்தபோது, கடைசி நேரத்தில் சேர்த்த ஒரு சரிபார்ப்பு ஓடிக்கொண்டிருந்த கணினிகளை நிறுத்தியது. அதை ஏற்றதற்கு டோர்வால்ட்ஸ் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பக் ஆன் போடுபவர்களையும் சேர்த்துச் சாடினார். கணினியைக் கொல்லாதே, ஒருமுறை எச்சரித்துவிட்டு முடிந்தவரை சமாளி என்பது 2022-இல் கெர்னலின் நிரல்நடை விதிகளிலேயே ஏறிவிட்டது.

ஆனால் எச்சரிக்கையைப் படிப்பது யார்? ஆயிரக்கணக்கான சர்வர்களை வைத்திருப்பவர்களிடம் வராந்தாவும் இல்லை, ஆளும் இல்லை. சந்தேகம் வந்த இயந்திரத்தை உடனே சாகவிட்டு, இன்னொன்றைக் கிளப்புவதுதான் அவர்களுக்கு எளிது. அதற்கு உதவும் 'பேனிக் ஆன் வார்ன்' என்ற அமைப்பு உண்டு. அதை இயக்கினால் சாதாரண எச்சரிக்கையும் மரணமாகிவிடும். 2024 பிப்ரவரியில் பாதுகாப்புக் குறைகளை அடையாளப்படுத்தும் சிவிஇ எண்களைக் கெர்னல் குழு தானே வழங்கத் தொடங்கியது. சாதாரணப் பயனர் தூண்டக்கூடிய வார்ன் ஆன்களுக்கும் பாதுகாப்புக் குறை என்ற எண் கிடைக்கிறது, அந்த அமைப்பை இயக்கியிருப்பவர்களின் இயந்திரம் அதனால் விழும் என்பதற்காக. கொல்லாமல் இருக்கச் சொல்லிக் கொடுத்த கருவியையே கொல்லும் கருவியாகக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் சோதனை இயந்திரங்களில் நான் பேனிக் ஆன் வார்னை இயக்கிவைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் தரவு இருக்கும் இயந்திரங்களில் இயக்கவில்லை. அங்கேயும் இயக்க வேண்டும் என்று வாதாடுகிறவர், முதலில் சிங்க் பற்றிக் கேட்ட அதே இளைஞர்தான். அவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இன்னும் முடிவு செய்யவில்லை.