கேமரன் மலையின் காலைச் சத்தங்கள்

தானா ராத்தாவில் விடியும்போது முதலில் கேட்பது கார்கள்தான், பறவைகள் அப்புறம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,400 மீட்டர். கோலாலம்பூர் வெயிலுக்குப் பழகிய வண்டிகள் இரவெல்லாம் மூடுபனியில் நனைந்து நிற்கின்றன. ஒலியை நம்பிப் பிழைப்பவள் நான். விடுதி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு கார் ‘கீச்’சென்று அலறியது. பின்னிருக்கையில் மூன்று பிள்ளைகள். தாப்பா வரை சுமார் 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை. தகப்பன் முகம் வெளிறியது. காய்கறி லாரிக்காரப் பெரியவர் ஒருவர் வந்து காது கொடுத்தார். “பெல்ட் நனைஞ்சிருக்கு தம்பி. ரெண்டு நிமிஷம் பொறுங்க.” அடங்கிவிட்டது. தினமும் கத்தினால் பெல்ட் தேய்ந்திருக்கும், இல்லை தளர்ந்திருக்கும் என்றார்.

நான் விடவில்லை, கேள்விகளை அடுக்கினேன். (தொழில் புத்தி!) ‘டிக் டிக்’ என்றால்? இரவில் கீழே வடிந்த எஞ்சின் எண்ணெய், குளிரில் கொஞ்சம் தடித்து, மேலே ஏறச் சில விநாடி எடுக்கும். ஏறியதும் சத்தம் நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் வெறும் ‘டக் டக்’? பெரும்பாலும் பேட்டரி. அடிவயிற்றிலிருந்து ‘டொக் டொக்’ என்று வந்து, மிதிக்க மிதிக்கக் கூடினால்? “இழுவை லாரியைக் கூப்பிடணும்மா. ஓட்டக்கூடாது.”

அந்தச் சத்தம் கடைசி வரிசையிலிருந்தே வந்தது. பளபளவென்று கழுவிய கார். மதியம் கோலாலம்பூரில் கூட்டம் இருக்கிறது என்றார் உரிமையாளர். பெரியவர் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். சற்றுப் பொறுத்து, மினியாக் ஹித்தாம் பார்க்கும் கோலை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். நுனி காய்ந்தே இருந்தது.