சப்ஸ்கிரைப் எண்டால் காசில்லை, சித்தி

பொட்காஸ்ட் கேளுங்கோ எண்டு ஆரிட்டயாவது சொன்னால் முதல் வாற கேள்வி "எவ்வளவு காசு?" என்பதுதான். சித்தியும் அதைத்தான் கேட்டா. அவவைப் பிழை சொல்ல ஏலாது. ஒருக்கா போனில் வந்த ஏதோ ஒரு மெசேஜை அமத்தப்போய், ஒவ்வொரு நாளும் ரீலோட் காசு வெட்டுப்பட்டது. அது 'சப்ஸ்கிரைப்' ஆகிட்டுது எண்டு கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போனது. அதுக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கண்டாலே போனைக் கவிட்டு வைச்சிடுவா.

பொட்காஸ்டில் சப்ஸ்கிரைப் பண்றது எண்டால், "புதுசா வந்தால் எனக்கு எடுத்து வை" எண்டு போனுக்குச் சொல்றது மட்டும்தான். ஆப்பிள் 2021இல் தன்ர பொட்காஸ்ட் செயலியில் இருந்த 'சப்ஸ்கிரைப்' என்ற சொல்லை 'ஃபலோ' எண்டு மாத்தினது. காசு கட்டிக் கேட்கிற சந்தாவை அவை தொடங்கினதும் அதே வருசம்தான். அப்படிக் காசுக்கு இருக்கிறதும் உண்டு. ஆனால் அதுக்குக் காசு கட்டுற பக்கம் ஒண்டு தனியாக வரும். வந்தால் பேசாமல் வெளியில வந்திடுங்கோ.

இது வேலை செய்ற விதம் லேசு. நிகழ்ச்சி செய்றவர் ஒலிக்கோப்பை இணையத்தில் ஓரிடத்தில் போட்டுவிட்டு, ஆர்எஸ்எஸ் எண்ட பட்டியலில் அதைச் சேர்த்துவிடுவார். எங்கட போனில் இருக்கிற செயலி அந்தப் பட்டியலை அடிக்கடி எட்டிப் பார்த்து, புதுசு இருந்தால் கொண்டு வரும். பட்டியல் பொதுவானது என்பதால் அனேகமான நிகழ்ச்சிகளை எந்தச் செயலியிலும் கேட்கலாம். 2024இல் கூகிள் தன்ர பொட்காஸ்ட் செயலியை மூடினபோது, ஆக்கள் தங்கட பட்டியலைத் தூக்கிக்கொண்டு வேற செயலிக்குப் போகக்கூடியதாக இருந்ததும் இதாலதான்.

சித்தியின்ர அன்ட்ரொயிட் போனில் அன்டெனாபொட் போட்டுக் குடுத்தேன். இலவசம், கணக்குத் திறக்கத் தேவையில்லை, விளம்பரமும் காட்டாது. தேடுற இடத்தில் தமிழில் ஒருக்கா, ஆங்கில எழுத்தில் ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ. எங்கட ஆக்கள் நிகழ்ச்சிக்குப் பேர் வைக்கிற விதம் அப்படி!

டேட்டாவுக்குப் பயப்படுறவைக்கு ஒரு கணக்கு. 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணித்தியாலப் பேச்சு கிட்டத்தட்ட 29 எம்பி. 128 எண்டால் 58 எம்பி. வைஃபை இருக்கிற இடத்தில் டவுன்லோட் பண்ணி வைச்சால், பஸ்ஸில் சிக்னல் இல்லாட்டியும் ஓடும். யூடியூபில் காசு கட்டாமல் கேட்டால் திரையை அணைச்சதும் பேச்சும் நிண்டிடும். இதில் போனைப் பொக்கற்றில் போட்டுவிட்டு நடக்கலாம்.

சித்தி தையல் வேலை செய்றவ. கண்ணும் கையும் மெசினில், காது மட்டும் சும்மா. எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். ஏனெண்டால் அவ ரேடியோவுக்காகப் பாடுபட்ட ஆள். 90களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒராள் பெடலைச் சுத்த, டைனமோவில் வாற கரண்டில் மற்றாக்கள் பிபிசி தமிழோசை கேட்டவை. எங்கட வீட்டில் சுத்தினது சித்தி. வேகம் குறைஞ்சால் குரல் இழுபடுமாம், எல்லாரும் இவவைத்தான் ஏசுவினமாம். செய்தியைவிடச் சில்லு சுத்தின சத்தம்தான் ஞாபகம் இருக்கு எண்டு சொல்லுவா. அந்த நேரத்தை விட்டால் விட்டதுதான். தமிழோசையின்ர வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரலோட நிண்டு போச்சு.

இப்ப நிகழ்ச்சி எங்களுக்காகக் காத்திருக்குது. அதில் ஒரு கரைச்சலும் இருக்கு. ஆசையில் இருபதை சப்ஸ்கிரைப் பண்ணினால், கேளாதது குவிஞ்சு பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ஆகிடும். மூண்டோட தொடங்குங்கோ. ரெண்டு தரம் கேட்டும் பிடிக்காட்டி எடுத்துவிடுங்கோ, ஆரும் கோவிக்க மாட்டினம். வேகத்தைக் கூட்டிக் கேட்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஆறுதலாகக் கதைக்கிற ஒரு மனிசரை ஏன் துரத்துவான்?

எங்கட பேச்சில், எங்கட ஊர்க் கதைகளோட வாறது இன்னும் போதாது எண்டுதான் நினைக்கிறேன். கண்டால் ஆளுக்காள் சொல்லிவிடுங்கோ. கேட்டு முடிஞ்சதைத் தானாக அழிக்கச் செற்றிங்கில் ஒரு தெரிவு இருக்கு, அதையும் முதல் நாளே போட்டுவிடுங்கோ. இல்லாட்டி போனில் படம் எடுக்க இடமிருக்காது.