சென்ட் போட்டவர்களுக்கு அனுமதி இல்லை... சூரிச்சில் இப்படியும் ஓர் அபார்ட்மென்ட்!

சுவிட்சர்லாந்தின் சூரிச் மெயின் ஸ்டேஷனில் எஸ்4 ரயில் பிடித்தால், ஸீல் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகக் கொஞ்ச நேரத்தில் லைம்பாக் வந்துவிடும். நகரத்தின் தெற்கு ஓரம். அருகிலேயே ஊட்லிபெர்க் மலை. சுத்தமான காற்று தேடி வருபவர்களுக்குப் பொருத்தமான இடம்தான்.

இங்கே 2013-ம் ஆண்டின் கடைசியில் கட்டி முடிக்கப்பட்டது அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. சென்ட்டும் சிகரெட்டும் வாசலோடு நின்றுவிட வேண்டும். பெயின்ட், பர்ஃப்யூம், சோப்புத்தூள் நெடி லேசாகப் பட்டாலே தலைவலி, மூச்சுத்திணறல் என்று முடங்கிப்போகிறவர்களுக்காகவே கட்டிய வீடுகள் இவை. சுவர்ப் பூச்சு முதற்கொண்டு நெடி வராத பொருள்களாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இதற்காக முன்னின்று போராடியவர், அதற்கு முன் ஒரு ட்ரெய்லர் வண்டியில் தனியாகக் குடியிருந்தவர்!

செல்போனுக்கும் இங்கே கட்டுப்பாடு உண்டு. ஆனால், செல்போன் அலைகளால்தான் இத்தகைய உபாதைகள் வருகின்றன என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாசனை ஒவ்வாமையைத் தனி நோயாக ஏற்பதிலும் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், செயற்கை வாசனை ஆஸ்துமாவையும் ஒற்றைத் தலைவலியையும் கிளப்பிவிடும் என்பதில் சந்தேகமில்லை.

சரி, இப்படி ஒரு வீடு கிடைக்காதவர்கள்? அவர்கள்தான் அதிகம். சாதாரண சுவிஸ் அபார்ட்மென்ட்களில் வாஷிங் மெஷின் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்காது. கீழ்த்தளத்தில் பொது லாண்டரி அறை. முறை வைத்துத்தான் துவைக்க வேண்டும். உங்கள் முறை செவ்வாய்க்கிழமை என்று வையுங்கள். திங்கட்கிழமை துவைத்தவர் ஊற்றிய ஃபேப்ரிக் கண்டிஷனரின் மணம் மெஷினுக்குள்ளேயே தங்கியிருக்கும். நாள்கணக்கில் மணக்க வேண்டும் என்றே தயாரிக்கப்படுகிற சரக்கு அது. அவ்வளவு சீக்கிரம் போகாது. நீங்கள் தேடிப் பிடித்து மணமில்லாத சோப்புத்தூள் வாங்கியிருந்தாலும், உங்கள் தலையணை உறையில் அடுத்த வீட்டு 'லாவெண்டர்' ஏறிவிடும். ராத்திரி முழுக்க அதன்மேல்தான் முகம் வைத்துப் படுக்க வேண்டும்.

புகை பிடித்தால் தட்டிக் கேட்கலாம். சத்தம் போட்டால் புகார் கொடுக்கலாம். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "உங்கள் துணி ரொம்ப மணக்கிறது" என்று எப்படிச் சொல்வது?