வெள்ளகவி வழியே ஒரு மலைநடை

மதுரைக்கு அருகில், ஓர் இரவு மலையில் தங்கி நடந்து திரும்ப வழியுண்டா எனப் பங்கு இளைஞர் நம்மிடம் வினவுவதுண்டு. பேருந்தில் நான்கு மணி நேரத்திற்குள் கொடைக்கானல். அங்கே வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறையைக் கடந்து, வெள்ளகவி ஊர் வழியாகப் பெரியகுளத்தையடுத்த கும்பக்கரை அருவிக்கு ஒற்றையடிப் பாதை இறங்குகிறது.

1914-இல் மோட்டார் சாலை வருமுன், பெரியகுளத்துப் பக்கமிருந்து மறைபரப்பாளர்கள் நடந்தும், குதிரையிலும், ஆட்கள் சுமந்த நாற்காலிகளிலும் இம்மலை ஏறினர். 1866-இல் எழுந்த சலேத் மாதா ஆலயம் அக்காலத்ததே. அமர்ந்து சென்றோர் பெயர்கள் நூல்களில் உள; சுமந்தோர் பெயர்களை நாம் எந்நூலிலும் கண்டிலோம்.

வெள்ளகவி ஊருக்குள் எவரும் காலணி அணிவதில்லை. அம்மண் தெய்வங்களுக்குரியது என்பது அவர்தம் நம்பிக்கை. வழிப்போக்கரும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கின்றனர். முட்புதரின்முன் மோயீசன் செய்ததை அறிந்த நமக்கு இது புதிதன்று. இரவுக்கு ஊராரிடம் முன்னரே சொல்லி அங்கே தங்குவதே முறை. காட்டில் கூடாரமடித்தல் கூடாது.

ஒன்றில் மட்டும் நாம் விட்டுக்கொடோம். கும்பக்கரை அமைந்த அதே தேனி மாவட்டத்தில், குரங்கணி மலையில், 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீக்கு மலைநடை சென்றோர் இருபதுக்கு மேற்பட்டோர் பலியாயினர். பலரும் இளவயதினர். புல் காய்ந்த கோடையில் சரிவில் பற்றிய தீ, ஓடும் மனிதனைவிட விரைந்து மேலேறும். வனத்துறையின் அனுமதிச் சீட்டைக் கண்ணால் காணாமல் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பலாகாது. கோடையிலோ சீட்டிருப்பினும் வேண்டா.

மழை ஓய்ந்த சனவரி ஏற்றது. இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும். கைத்தடி ஒன்று உதவும். அருவியில் வெள்ளம் மிகுந்திருப்பின் குளிக்க விடார்.